குடித்தனக்காரரையும் கேட்டு வீடு வாங்குவோம்



வளைகுடாவில் உழைத்துச் சேர்த்த பணத்தில், மாத வாடகை வரட்டும் என்று கள்ளக்குறிச்சி துருகம் சாலையிலோ சேலம் சாலையிலோ மூன்று போர்ஷன் உள்ள வீட்டை ஒருவர் விலை பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் பார்க்கிறார். உள்ளே குடியிருப்பவரிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள் மட்டுமே வரும். வாய்மொழி வாடகையும், வெறும் முத்திரைத்தாளில் எழுதிய போக்கியமும் அதில் வராது. ஆனால் 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 3ஆம் பிரிவில், ஒரு சொத்தில் நேரில் குடியிருப்பவருக்கு உள்ள உரிமை வாங்குபவருக்குத் தெரிந்ததாகவே கருதப்படும் என்கிறது. "எனக்குத் தெரியாது" என்ற பேச்சு எடுபடாது. ராம் நிவாஸ் எதிர் பானோ வழக்கில் (2000) கடையில் வாடகைக்கு இருந்தவரே அதை வாங்க ஒப்பந்தம் போட்டிருந்தார். அவரிடம் விசாரிக்காமல் அந்தக் கடையை வாங்கியவர்களுக்கு உச்ச நீதிமன்றம் பாதுகாப்புத் தரவில்லை.

ஆகவே, முன்பணம் கொடுக்கும் முன்பே உரிமையாளருடன் ஒவ்வொரு போர்ஷனுக்கும் சென்று கேட்போம்:

1. எப்போது குடிவந்தீர்கள்? ஒப்பந்தம் எழுத்தில் உள்ளதா?
2. வாடகை எவ்வளவு? பாக்கி உண்டா?
3. அட்வான்ஸ் எவ்வளவு? அதற்கு ரசீது உண்டா?
4. போக்கியமாகவோ, கடனாகவோ, இந்த வீட்டை வாங்கவோ உரிமையாளருக்கு வேறு பணம் கொடுத்திருக்கிறீர்களா?

பதில்களை எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்குவோம். கடனை எழுதி வைக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது (அல்குர்ஆன் 2:282).

மூன்று வீட்டு அட்வான்ஸ் தலா ரூ.30,000 என்றால், ரூ.90,000 விலையில் கழிக்கப்பட வேண்டும். கிரயப் பத்திரத்திலும் அது எழுதப்பட வேண்டும். அந்தப் பணம் குடித்தனக்காரரின் அமானிதம். கைம்பெண் ஒருவர் சிறுகச் சிறுகச் சேர்த்ததாகவும் அது இருக்கலாம். "பழைய ஓனரிடம் கேளுங்கள்" என்று அவரை அலையவிடுவது நமக்கு அழகல்ல.

109ஆம் பிரிவின்படி, கிரயத்துக்கு முந்தைய வாடகை பாக்கியை வாங்கியவர் கோர முடியாது. வீடு கைமாறியது தெரியாமல் குடித்தனக்காரர் பழைய உரிமையாளரிடம் வாடகை கொடுத்துவிட்டால், அதை மறுபடி கேட்கவும் முடியாது. எனவே கிரயம் முடிந்த உடனே எழுத்தில் அறிவிப்போம்.

வீடு காலியாக வேண்டுமென்றால், காலி செய்து ஒப்படைத்த பிறகே கிரயம் என்று விற்பவரிடம் பேசிக்கொள்வோம். வாங்கிய பின் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தி வெளியேற்றுவதற்கு, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழக வாடகைச் சட்டம் இடம் தராது. இருப்பவரே தொடர்வதானால், புதிய உரிமையாளர் பெயரில் ஒப்பந்தம் எழுதி வாடகை அதிகாரியிடம் பதிவு செய்வோம்.

கிரயத்துக்கு முன் ஒரு வழக்கறிஞரிடமும் காட்டிவிடுவது நலம். இருதரப்பின் ஹக்கும் காக்கப்பட அல்லாஹ் அருள்புரிவானாக.