போஞ்சி, கரட் வீணாகாமல் அச்சாறு போடுவோம்

லயத்துக்குப் பின்னால் போட்ட போஞ்சியும் கரட்டும் ஒரே நேரத்தில் விளைந்துவிடும். எல்லோரும் சந்தைக்கு அதையே கொண்டு போவதால் விலையும் விழுந்துவிடும். மிஞ்சியதை அச்சாறாகப் போட்டு வைத்தால், கறிக்குக் காய் வாங்கக் காசில்லாத வாரத்தில் சோற்றுக்கும் ரொட்டிக்கும் உதவும்.

மலையில் கொழுந்தெடுத்துவிட்டு வரும் அக்காமாரே, இதை ஒரே மூச்சில் செய்யப் பார்க்காதீர்கள். இரண்டு சாயந்திரமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் நாள், கழுவிய போத்தல்களைப் பச்சைத் தண்ணீரில் வைத்து அடுப்பேற்றி, கொதித்தபின் 10 நிமிடம் விட்டு, கவிழ்த்துக் காய வையுங்கள்.

மறுநாள் கரட் சுரண்டுவதும் போஞ்சிக்கு நாரெடுப்பதும் ஆண்களும் பிள்ளைகளும் செய்யலாம். மாசியில் காமன் கூத்துப் பழகப் போகிற தம்பிமார், போவதற்கு முன் அரைமணி நேரம் உட்கார்ந்தால் என்ன குறைந்துவிடும்? அக்காவுக்கும் இராத்திரி தையல் வேலைக்குக் கொஞ்சம் நேரம் கிடைக்குமே!

நறுக்கிய காயை உப்புப் போட்ட கொதிநீரில் 2 நிமிடம் விட்டு எடுத்து, சுத்தமான துணியில் பரப்பி ஈரம் போக்குங்கள். கடுகு, இஞ்சி, வெள்ளைப்பூடு மூன்றையும் வினாகிரி விட்டு அரைத்து, உப்பும் சிறிது சீனியும் சேர்த்துக் காயோடு பிரட்டி அடையுங்கள். காய் முழுக்க மூழ்க வினாகிரி ஊற்ற வேண்டும்.

விலை கூட என்று வினாகிரியில் தண்ணீர் கலக்காதீர்கள். புளிப்புக் குறைந்தால் மூடிய போத்தலுக்குள் நஞ்சுக் கிருமி வளரலாம். மணத்தாலோ ருசியாலோ அதைக் கண்டுபிடிக்க முடியாது. அவித்த போஞ்சியை வெறும் உப்புத் தண்ணீரில் மூடி வைப்பதும் இதனால்தான் ஆபத்து.

தகர மூடி துருப்பிடிக்கும், பிளாஸ்டிக் மூடி போடுங்கள். நாலைந்து நாள் ஊறியதும் ஈரமில்லாத கரண்டியால் எடுக்கலாம். மேலே பூஞ்சணம் கண்டால் வழித்துவிட்டுச் சாப்பிட வேண்டாம், முழுவதையும் கொட்டிவிடுங்கள்.