மழை பெய்தால் தூங்காத வீடு



கை முறிந்தால் டிஸ்பென்சரிக்குப் போகிறோம். காய்ச்சல் மூன்று நாள் நின்றால் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். மனம் அடிபட்டால் என்ன செய்கிறோம்? "மறந்துடு" என்கிறோம். அது சரியா என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அதை நாம் யாரும் மறக்கவில்லை. அவ்வளவு பெரிதாக இல்லாவிட்டாலும், மழைக்காலத்தில் மண் சரிந்து ஓரிரண்டு காம்பராக்கள் உடைவது மலைநாட்டில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. சுவரை மறுபடி கட்டிவிடலாம். உள்ளே இருந்த மனிதர்களின் கதை அதோடு முடிவதில்லை.

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம். ஒரு ராத்திரி அவர்கள் லயத்தின் பின்பக்கம் மண் வந்து விழுந்தது. அடுத்த காம்பராவில் இருந்த ஒரு பாட்டி இறந்துபோனார். இந்த வீட்டில் ஒருவருக்கும் காயமில்லை. "சாமி காப்பாத்துச்சு" என்று எல்லோரும் சொன்னார்கள்.

மூன்று மாதமாகியும் அந்த அம்மாவுக்குத் தூக்கமில்லை. தகரத்தில் மழை விழுந்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். ஐடென்டிட்டி கார்ட்டையும் பிள்ளைகளின் துணியையும் கட்டி வைத்த மூட்டை எப்போதும் வாசல் பக்கம் இருக்கும். மலையில் கொழுந்து குறைந்தது. அரைப் பேர் விழுந்தது. கணவர் தினமும் குடித்துவிட்டு வந்து, "இன்னும் எத்தன நாளைக்கி இந்தக் கூத்து?" என்று சத்தம் போட்டார், கையும் நீட்டினார். ஏழு வயது மகன் மறுபடி படுக்கையில் சிறுநீர் கழிக்கத் தொடங்கினான். அதற்கு அடி வாங்கினான். மாமியார் கோடாங்கியிடம் போய் நூல் மந்திரித்துக் கட்டினார்.

நாங்களும் தவறு செய்தோம். வீட்டுக்குப் போய், "நடந்தத மறந்துட்டு பிள்ளைங்க மூஞ்சியப் பாரும்மா" என்று சொல்லிவிட்டு வந்தோம். அந்த அம்மா தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு எங்களிடம் ஒன்றும் பேசவில்லை.

பிறகு பிரதேச செயலகத்திலிருந்து உளவளத்துணை உத்தியோகத்தர் ஒருவரைக் கூட்டிப் போனோம். அவர் அம்மாவிடம் கொஞ்சம் பேசினார். பிறகு இஸ்தோப்பில் தனியாக உட்கார்ந்திருந்த கணவரிடம் போய், "அண்ணே, அன்னைக்கி ராத்திரி நீங்க எங்க நின்னீங்க?" என்று கேட்டார். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நான்தான் அந்தக் கெழவிய மண்ணுக்குள்ளேயிருந்து தூக்குனேன்" என்றார். அழுதார். மூன்று மாதமாக இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்கவில்லை, நாங்களும்தான்.

ஏன் இப்படி நடக்கிறது?

ஆபத்து வந்தால் ஓடவோ எதிர்க்கவோ உடம்பு தயாராகிறது. நெஞ்சு படபடக்கும், மூச்சு வாங்கும், உடம்பு வேர்க்கும். இது உயிரைக் காக்கும் ஏற்பாடு. ஆபத்து போனதும் இது அடங்க வேண்டும். பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு சிலருக்கு இது அடங்குவதில்லை. வேலை முடிந்த பிறகும் ஸ்டோர் சங்கு நிற்காமல் ஊதுவது போல. மழைச் சத்தமோ மண் வாசனையோ போதும், அந்த ராத்திரி திரும்பி வந்துவிட்டதாக மூளை எண்ணிக்கொள்ளும். இதை மனவடு என்கிறார்கள். இது பைத்தியமுமல்ல, கோழைத்தனமுமல்ல.

ஒரே அதிர்ச்சி ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு மாதிரி வெளிவரும். ஒருவருக்குத் தூக்கம் போகும். ஒருவர் எரிந்து விழுவார், போத்தலைத் தேடுவார். பிள்ளை தாயை விட்டு நகராது. இதைப் புரிந்துகொள்ளாத வீட்டில் ஒருவர் பயத்தை மற்றவர் குற்றமாக எண்ணிச் சண்டை வரும். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், இந்தக் காயம் தனி ஆளோடு நிற்காது, குடும்பத்தையும் ஊரையும் தாக்கும் என்று எழுதியிருக்கிறார். நமக்கும் இது புதிதல்ல. 1977, 1983 வன்செயல்களைக் கண்ட நம் பெரியவர்கள் சிலர் அதைப் பற்றி இன்றுவரை வாய் திறப்பதில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மனவடு அடிப்பதற்குச் சாட்டு ஆகாது. கணவரின் வேதனைக்கும் உதவி வேண்டும். அந்த அம்மாவுக்குப் பாதுகாப்பும் வேண்டும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

1. பக்கத்தில் இருங்கள், கேளுங்கள். பேசச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கைநூல் சொல்வதும் மூன்றே வேலைகள்: பார்ப்பது, கேட்பது, உதவியோடு சேர்த்துவிடுவது.

2. படுக்கையை நனைக்கும் பிள்ளையை அடிக்காதீர்கள், கேலி செய்யாதீர்கள். சாப்பாடு, பள்ளிக்கூடம், தூக்கம் எல்லாம் வழக்கமான நேரத்தில் நடக்கட்டும். பிள்ளைக்கு அதுவே தைரியம்.

3. பயத்துக்கு ஒரு வேலை கொடுங்கள். அந்த அம்மாவின் மூட்டையை யாரும் அவிழ்க்கச் சொல்லவில்லை. மண்ணில் வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, இவை கண்டாலோ, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சிவப்பு எச்சரிக்கை விட்டாலோ புறப்படுவது, எந்த இடத்துக்குப் போவது என்று குடும்பமாகப் பேசி முடிவெடுத்தார்கள். அதன்பிறகு சாதாரண மழைக்கு அவர் கொஞ்சம் கண்ணயர்ந்தார்.

4. சாராயம் தூக்கம் தருவது போல இருக்கும். நடு ராத்திரியில் எழுப்பிவிடும், மறுநாள் கோபத்தைக் கூட்டும்.

5. கோயிலுக்குப் போங்கள், நூலும் கட்டுங்கள். அதோடு வைத்தியத்தையும் விடாதீர்கள்.

எப்போது உதவி தேட வேண்டும்?

அநேகமானோர் சில கிழமைகளில் தாமாகத் தேறிவிடுவார்கள். ஒரு மாதம் கடந்தும் தூக்கமில்லை, வேலை செய்ய முடியவில்லை என்றால் தோட்ட வைத்திய உதவியாளரிடம் சொல்லி ஆஸ்பத்திரியின் மனநல கிளினிக்குக் கடிதம் வாங்குங்கள். சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்தை எந்நேரமும் அழைக்கலாம். பிள்ளைகளுக்கு 1929, பெண்களுக்கு 1938.

அந்த வீட்டில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டோம். கணவர் இன்னும் சில நாள் குடிக்கிறார். ஆனால் கிளினிக் நாளில் இருவரும் ஒரே பஸ்ஸில் போகிறார்கள். பலத்த மழை ராத்திரியில் இப்போது அவரும் எழுந்து உட்காருகிறார்; அம்மா தேத்தண்ணி ஊற்றுகிறார்.

வீட்டில் பேசிப் பார்ப்போம்

- நம் வீட்டில் நடந்த எந்தத் துயரத்தைப் பற்றி நாம் பேசாமல் இருக்கிறோம்?
- அந்த நேரத்தில் யார் எங்கே நின்றார்கள் என்று ஒருவரையொருவர் கேட்டிருக்கிறோமா?
- நம் லயத்தில் மழைக்குத் தூங்காதவர் யார்? நாளை அவரிடம் யார் போவது?