தரவுப் பிரதியாக்கம்: அமைத்தலும் வழுக்களைக் கண்டறிதலும்

"காப்பெடுத்தல் என்றால் என்ன?" என்ற வினாவுக்கு மாணவர் பலர் சரியாக விடை எழுதிவிடுவர். "பிரதியாக்கம் அதிலிருந்து எவ்வாறு வேறுபடும்?" என்று கேட்டால் இரண்டும் ஒன்றே என எழுதிப் புள்ளிகளை இழப்பர். எனவே இந்த வேறுபாட்டையே முதலில் நோக்குவோம்.

ஒரு சேமிப்பு முறைமையிலுள்ள கோப்புகளையும் கோப்புறைகளையும் இன்னொரு சேமிப்பு முறைமையிலும் அதே ஒழுங்கில் வைத்து, முதலாவதில் மாற்றம் ஏற்படும்போது இரண்டாவதையும் அதற்கேற்ப மாற்றிக்கொண்டிருப்பதே பிரதியாக்கம் ஆகும். தரவு புறப்படும் இடத்தை மூலம் எனவும், சென்றடையும் இடத்தைச் சேரிடம் எனவும் அழைப்போம். காப்பெடுத்தல் அப்படியன்று. அது குறித்த ஒரு நேரத்தில் இருந்த நிலையை எடுத்து வைப்பது. மூலம் பின்னர் மாறினாலும் காப்பு நகல் மாறாது.

ஏட்டுச்சுவடியைப் படியெடுப்பவர் மூல ஏட்டிலுள்ள பிழையையும் சேர்த்தே எழுதிவிடக்கூடும். பிரதியாக்கமும் அத்தகையதே. மூலத்தில் கோப்பு அழிந்தால் சேரிடத்திலும் அழியும். வைரசு புகுந்து கோப்புகளைக் குலைத்தால் குலைந்த கோப்புகளே அங்கும் போய்ச் சேரும். வன்தட்டுப் பழுது, தீ, வெள்ளம் ஆகியவற்றிலிருந்து பிரதியாக்கம் காக்கும். மனிதத் தவறிலிருந்து காக்காது. இவ்வசனத்தை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள்.

வகைகள்

பிரதியாக்கம் இரு வகைப்படும். உடனிகழ் முறையில், ஒரு தரவு சேரிடத்திலும் எழுதப்பட்ட பின்னரே "எழுதப்பட்டது" என்ற விடை பயனருக்குக் கிடைக்கும். பின்னிகழ் முறையில், மூலத்தில் எழுதியவுடனேயே விடை கிடைக்கும். சேரிடத்துக்குச் சில செக்கன்களோ நிமிடங்களோ கழித்து அனுப்பப்படும்.

அப்படியானால் எப்போதும் உடனிகழ் முறையையே பயன்படுத்தலாமே என நீங்கள் கேட்கலாம். தூரம் இடங்கொடாது. ஒளியிழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீற்றர் செல்லும். கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையிலான இழை 400 கிலோமீற்றர் நீளமானது எனக் கொள்வோம். போய்வர 800 கிலோமீற்றர், அதாவது 4 மில்லிசெக்கன். ஒன்றன்பின் ஒன்றாக 1000 தடவை எழுத, காத்திருப்பதற்கு மட்டுமே 4 செக்கன் செல்லும். ஆகவே அருகிலுள்ள கட்டடங்களுக்கு உடனிகழ் முறையும், தூர இடங்களுக்குப் பின்னிகழ் முறையும் பொருந்தும். பின்னிகழ் முறையில், அனுப்பாது மிஞ்சிய கடைசிச் சில நிமிடத் தரவு விபத்தின்போது இழக்கப்படலாம்.

அமைத்தல்

சேரிடத்தில் போதிய இடம் உண்டா எனப் பார்த்தல், இரு முறைமைகளின் கடிகாரங்களையும் ஒரே நேரத்துக்கு வைத்தல், பிரதியாக்கத்துக்கெனத் தனிப் பயனர் கணக்கு உருவாக்கி வேண்டிய அனுமதிகளை மட்டும் வழங்கல் ஆகியன முதல் வேலைகள். அடுத்து வருவது முதற் பிரதி. இங்கே ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம்.

தரவு 60 கிகாபைற்று. இணைப்பின் வேகம் செக்கனுக்கு 10 மெகாபிற்று. 1 கிகாபைற்று = 1000 மெகாபைற்று எனக் கொண்டால், 60 × 1000 × 8 = 4,80,000 மெகாபிற்று. 10 ஆல் வகுக்க 48,000 செக்கன், அதாவது 13 மணி 20 நிமிடம். (8 ஆல் பெருக்க மறப்பதே இங்கு வழமையான தவறு. பைற்று வேறு, பிற்று வேறு.) அதன்பின் நாளொன்றுக்கு 3 கிகாபைற்று மட்டுமே மாறுமாயின் 40 நிமிடம் போதும். எனவே முதற் பிரதியை ஒரே அறையில் வைத்து எடுத்து, பின்னர் சேரிட முறைமையைத் தூர இடத்துக்குக் கொண்டு செல்வது புத்தியான வழி.

மாறியவற்றை மட்டும் அனுப்பும் மென்பொருள்களுள் பெயர் பெற்றது ஆர்சிங்க். ஆந்திரூ திரிட்ஜெல், போல் மக்கராஸ் என்போர் 1996 இல் இதனை வெளியிட்டனர். விண்டோஸில் ரோபோகொப்பி உண்டு. ஆர்சிங்க் வழமையாகக் கோப்பின் பருமனையும் கடைசியாக மாற்றப்பட்ட நேரத்தையும் ஒப்பிட்டு, வேறுபட்டால் மட்டுமே அனுப்பும். இதை நினைவில் வைத்திருங்கள்; கீழே தேவைப்படும்.

வழுக்களைக் கண்டறிதல்

பிரதியாக்கம் நின்றுவிட்டால் கண்டதையெல்லாம் மாற்றிப் பார்ப்பது கூடாது. இணைப்பிலிருந்து தொடங்கி ஒவ்வொரு படியாக மேலே வருக. பிங் கட்டளைக்குச் சேரிடம் விடை தருகிறதா? ஐ.பி. முகவரிக்கு விடை வந்து பெயருக்கு வராவிட்டால் பெயர்ச் சேவையிலேயே கோளாறு. இரண்டுக்கும் விடை வந்தும் இணைய முடியாவிட்டால் தீச்சுவர் உரிய துறையை மறித்திருக்கலாம். இணைந்த பின் "அனுமதி இல்லை" என்று வந்தால் பயனர் கணக்கைப் பார்க்க வேண்டும். பாதியில் நின்றால் சேரிடத்தில் இடம் முடிந்திருக்கலாம்.

இடம் இருந்தும் பெரிய கோப்பு ஒன்றில் மட்டும் நின்றால்? சேரிடத்தின் கோப்பு முறைமை ஃபாற்32 ஆக இருக்கலாம். அதில் 4 கிகாபைற்றை எட்டும் கோப்பை எழுத முடியாது. ஒன்றும் மாறாதபோதும் பல கோப்புகள் மீண்டும் மீண்டும் அனுப்பப்பட்டால் அதற்கும் ஃபாற் காரணமாகலாம். அது கோப்பு மாற்றப்பட்ட நேரத்தை 2 செக்கன் படிகளிலேயே பதியும். மூலத்தில் 9.15.07 என்றிருப்பது சேரிடத்தில் 9.15.06 ஆகவோ 9.15.08 ஆகவோ பதியப்படும். நேரம் வேறுபடுவதால் கோப்பு மாறிவிட்டது என ஆர்சிங்க் எண்ணும். ஒரு செக்கன் வேறுபாட்டைப் பொருட்படுத்தாதே எனக் கட்டளையிடுவதே பரிகாரம். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு அனுப்பும்போது, ஆங்கிலப் பெரிய எழுத்தாலும் சிறிய எழுத்தாலும் மட்டும் வேறுபட்ட இரு பெயர்கள் ஒன்றையொன்று அழிப்பதும் உண்டு.

எல்லாவற்றிலும் ஆபத்தானது வழுச்செய்தியே தராத வழு. மூல வன்தட்டு சரியாகப் பொருத்தப்படவில்லை, கோப்புறை வெறுமையாகத் தெரிகிறது எனக் கொள்வோம். "மூலத்தில் இல்லாததைச் சேரிடத்திலும் அழி" என்ற தெரிவும் இடப்பட்டிருந்தால், மென்பொருள் சொன்னபடி சேரிடம் முழுவதையும் துடைத்துவிடும். ஆகவே எதையும் மாற்றாமல், செய்யப்போவதை மட்டும் காட்டும் ஒத்திகை ஓட்டத்தை முதலில் இயக்குக.

இரு நிகழ்வுகள்

2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் என்ற நிறுவனத்தில், முதன்மைத் தரவுத்தளத்துக்கும் துணைத் தரவுத்தளத்துக்கும் இடையிலான பிரதியாக்கம் பின்தங்கியது. அதைச் சரிசெய்ய முயன்ற பொறியியலாளர் துணைச் சேவையகத்தின் கோப்புறையை அழிப்பதாக எண்ணி முதன்மையின் கோப்புறையை அழித்தார். நிறுத்துவதற்குள் ஏறத்தாழ 300 கிகாபைற்றில் 4.5 கிகாபைற்றே மிஞ்சியது. காப்பு நகலைத் தேடினால், மென்பொருட் பதிப்பு பொருந்தாமையால் அது எடுக்கப்படவே இல்லை. அதை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் வந்து சேரவில்லை. வேறொரு தேவைக்காக ஏறத்தாழ 6 மணி நேரம் முன்பு எடுக்கப்பட்ட பிரதியே கைகொடுத்தது. அந்த 6 மணி நேரத் தரவு போயிற்று.

நம் நாட்டில் 2023 ஆகஸ்ட் 26 அன்று இலங்கை அரச முகில் சேவை கப்பம் கோரும் நச்சுநிரலால் தாக்கப்பட்டது. காப்பு முறைமையும் பாதிக்கப்பட்டது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்களை மீளப்பெற முடியவில்லை. வலையமைப்பிலிருந்து கழற்றி வைத்த ஒரு நகல் ஏன் வேண்டும் என்ற வினாவுக்கு இதனை உதாரணமாக எழுதலாம்.

பயிற்சி வினா

பாடசாலை ஒன்றின் 90 கிகாபைற்றுத் தரவு, செக்கனுக்கு 20 மெகாபிற்று இணைப்பினூடாக 15 நிமிடத்துக்கு ஒரு தடவை கல்வி வலயச் சேவையகத்துக்குப் பிரதியாக்கப்படுகிறது, அழித்தல்களும் பிரதியாக்கப்படும். ஒவ்வோர் இரவும் தனியாகக் காப்பு நகலும் எடுக்கப்படுகிறது.

(அ) முதற் பிரதிக்கு எடுத்த நேரம் யாது?
(ஆ) காலை 9.05 இற்கு எழுதுவினைஞர் சாதாரண தரப் புள்ளிப் பட்டியலைத் தவறுதலாக அழித்து, 9.40 இற்கே அதை அறிந்தார். பட்டியலை எங்கிருந்து மீளப்பெறலாம்?

விடை

(அ) 90 × 1000 × 8 ÷ 20 = 36,000 செக்கன் = 10 மணித்தியாலம்.
(ஆ) 9.05 இற்கும் 9.40 இற்கும் இடையில் பிரதியாக்கம் குறைந்தது இரு தடவை நடந்திருக்கும். எனவே சேரிடத்திலும் பட்டியல் இராது. முந்திய இரவின் காப்பு நகலிலிருந்து பெறலாம். அன்று காலை 9.05 வரை பதிந்த புள்ளிகளை விடைத்தாள்களைப் பார்த்து மீண்டும் பதிய வேண்டும்.