கூலன்ட் விளக்கு: எது பொய், எது நிஜம்?

டேஷ்போர்டில் கூலன்ட் விளக்கு எரியும். பானட்டைத் திறந்தால் டேங்கில் அளவு சரியாக இருக்கும். போக்ஸ்வாகன் போலோ, ஸ்கோடா ரேபிட் வைத்திருப்பவர்களில் பலருக்கு இது பழகிய தொல்லை. வீண் செலவுகளும், சில சமயம் எஞ்சின் பாழாவதும் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

“விளக்கு எரிந்தால் கூலன்ட் குறைந்தே இருக்கும்”

அப்படி இல்லை. சென்சார் உணர்வதைத்தான் விளக்கு காட்டும். மேலே சொன்ன வண்டிகளின் உருண்டை டேங்குக்குள் இரண்டு உலோக முனைகள் இருக்கின்றன. கூலன்ட் வழியாக ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மெல்லிய மின்சாரம் பாய்கிறது. கூலன்ட் இறங்கினால் அந்தப் பாதை அறுந்து விளக்கு எரியும். முனைகளில் உப்புப் படிந்தாலும், கீழே உள்ள கனெக்டரில் பச்சைக் களிம்பு பிடித்தாலும் இதே கதிதான். வெறும் டிஸ்டில்டு வாட்டரை மட்டும் நிரப்பினாலும் எரியலாம். அதில் மின்சாரம் சரியாகப் பாயாது. போர் தண்ணீரை ஊற்றினால் நாளடைவில் முனைகளில் படிவது அதன் உப்புதான்.

பிஎம்டபிள்யூ போன்ற வண்டிகளில் காந்தம் வைத்த மிதவையும் அதை உணரும் ஸ்விட்சும் இருக்கும். மிதவைக்குள் கூலன்ட் புகுந்தால் அது மூழ்கிவிடும். அப்போது சென்சாரை மட்டும் மாற்றிப் பயனில்லை, மிதவை இருக்கும் டேங்கையே மாற்ற வேண்டும்.

“டெம்பரேச்சர் முள் நடுவில் நிற்கிறது, பயமில்லை”

மிக ஆபத்தான நம்பிக்கை இதுதான். வெப்பத்தை அளக்கும் சென்சார் கூலன்ட்டில் மூழ்கியிருந்தால்தான் சரியாக அளக்கும். கூலன்ட் வெளியேறி அது காற்றிலோ ஆவியிலோ நின்றால், எஞ்சின் கொதித்தாலும் முள் ஏறாமல் இருக்கலாம். அதனால்தான் அளவுக்குத் தனி சென்சாரே வைத்தார்கள். பல கார்களில் 90 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே போனாலும் கீழே வந்தாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

“உடனே மூடியைத் திறந்து பார்த்துவிடலாம்”

சூடான எஞ்சினில் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும் கூலன்ட், மூடி கழன்றதும் பொங்கி முகத்தில் அடிக்கும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, வெளியிலிருந்தே மின், மேக்ஸ் கோடுகளைப் பாருங்கள். அளவு நிற்கும் இடத்தில் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். தொடர்ந்து சில நாள் காலையில் அதே கோட்டில் நின்றால் சென்சாரையோ ஒயரையோ சந்தேகிக்கலாம். இறங்கினால் கசிவு இருக்கிறது. பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். இதைப் பார்க்காமலே வாட்டர் பம்ப், ஹெட் கேஸ்கெட் என்று பில் போடுபவரிடம் வண்டியை விடாதீர்கள்.

“கனெக்டரைக் கழற்றினால் விளக்கு அணைந்துவிடும்”

இரண்டு முனை வகையில் அணையாது. கழற்றுவதும் கூலன்ட் இல்லாததும் அந்தச் சுற்றுக்கு ஒன்றே. அதனால் சிலர் ஒயர் பக்கக் கனெக்டரின் இரு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிடுகிறார்கள். சோதனைக்காக ஒரு நிமிடம் செய்தால் அது நல்ல வழி: விளக்கு அணைந்தால் ஒயரில் குறையில்லை, கோளாறு டேங்க் பக்கம்; அணையாவிட்டால் ஒயரைத் தேட வேண்டும். மிதவை வகையில் இது வண்டிக்கு வண்டி மாறும், மேனுவலைப் பார்க்காமல் செய்யக் கூடாது. அந்தக் கம்பியை அப்படியே விட்டுவிட்டால் நெடுஞ்சாலையில் ஹோஸ் வெடித்தாலும் விளக்கு எரியாது.

பழைய கார் வாங்குபவர்கள் டேங்கின் கனெக்டரை ஒருமுறை கழற்றிப் பாருங்கள். உள்ளே கம்பித் துண்டு இருந்தால் அதை எடுத்துவிட்டு, டேங்கை மாற்றிய பிறகே நெடும்பயணம் கிளம்புங்கள்.