அம்மா தனியாக இறங்கிப் போன தெரு

ஸ்காபரோவில் இருந்த காலத்தில் அம்மா தினமும் மத்தியானம் போன் எடுத்துக் கேட்பது ஒன்றுதான்: "பிள்ளை, எத்தனை மணிக்கு வருவாய்?" பாசத்தில் கேட்கிறா என்று நினைத்திருந்தேன். கேட்டது என்னை அல்ல, காரை என்று விளங்க வருசங்கள் எடுத்தன. பதினான்காம் மாடியில் வீடு. யன்னலில் நின்றால் தமிழ்க்கடையின் பெயர்ப்பலகை தெரியும். ஆனால் நடுவில் ஆறு வழிச் சாலை. ஊரில், கோண்டாவிலில், கோயிலுக்கும் சந்தைக்கும் தன்பாட்டில் போய்வந்த மனுசி, ஒரு கட்டு வெந்தயக்கீரைக்கு என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டியதாயிற்று.

2014இல் வேலை மாறி மொன்றியலுக்கு வந்தோம். வில்லரேயில் குடியேறியது என் கெட்டித்தனம் அல்ல, ஜாரி மெட்ரோவுக்குக் கிட்ட வீடு கிடைத்தது, அவ்வளவுதான். அதிலும் பெரிய பிழை விட்டேன். எடுத்தது மூன்றாம் தளம்.

இந்த ஊரின் பழைய வீடுகளை வெளியில் நின்று படம் எடுக்க எல்லோருக்கும் ஆசை. இரண்டு மூன்று வீடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மாடிக்குப் போகும் இரும்புப் படியைத் தெருப்பக்கமாக வளைத்துத் தொங்கவிட்டிருப்பார்கள். படி வெளியே போனால் உள்ளே இடம் மிச்சம், சூடாக்க வேண்டிய பரப்பும் குறைவு. கட்டியவர்களுக்கு அது சரிதான். மழை உறைந்த காலையில் எழுபது வயதுக்காரி அதில் இறங்கிப் பார்க்க வேண்டும். தெரு முழுக்க நடக்கலாம், தெருவுக்கு இறங்கத்தான் ஏலாது. ஆகவே, "நடந்து போகக்கூடிய இடம்" என்று யாராவது வீடு காட்டினால், முதலில் படியை எண்ணுங்கள். இரண்டு வருசம் கழித்துத் திரோலே தெருவில் நிலத்தோடு ஒட்டிய வீட்டுக்கு மாறினோம். அதுவும் ஜூலை 1ஆம் தேதிதான். கியூபெக்கில் பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் ஜூன் கடைசியில் முடிவதால், அன்றைக்கு அரைவாசி ஊர் மெத்தையும் குளிர்பெட்டியுமாக நடைபாதையில் நிற்கும். அப்போது லொறி தேடிப் பயனில்லை, ஏப்ரலிலேயே சொல்லிவைக்க வேண்டும்.

வாடகைக்கு வருபவர்களுக்கு இன்னும் இரண்டு விசயம். இங்கே வீட்டுக்காரர் முற்பணம் பிடித்துவைக்கச் சட்டத்தில் இடமில்லை, முதல் மாத வாடகையை மட்டும்தான் முன்கூட்டிக் கேட்கலாம். ஒன்ராறியோப் பழக்கத்தில் நான் கடைசி மாதத்துக்கும் சேர்த்துக் கொடுத்து ஏமாந்தேன். அடுத்தது, ஒப்பந்தப் படிவத்தில் 'ஜி' என்ற பகுதி. போன பன்னிரண்டு மாதத்தில் அந்த வீட்டுக்கு வாங்கிய மிகக் குறைந்த வாடகையை வீட்டுக்காரர் அதில் எழுத வேண்டும். வெறுமையாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். காலாற நடக்கிற தெருக்களுக்கு ஆசைப்பட்டு வருபவர்கள் கூடக்கூட வாடகையும் ஏறுகிறது. பழைய குடித்தனக்காரரை வெளியேற்றித்தான் சில வீடுகள் புதுப்பிக்கப்படுகின்றன. என் தெருவிலேயே கண்டேன். நானும் அப்படி ஆசைப்பட்டு வந்தவள்தானே.

நிலத்துக்கு வந்த கிழமையே அம்மா காணாமல் போனா. ஒன்றரை மணித்தியாலம் நான் பதறி முடித்தபிறகு, பையில் சோளமும் கத்தரிக்காயுமாக வந்து நின்றா. ஜோன்-தலோன் சந்தைக்குப் போயிருக்கிறா. 1933இலிருந்து நடக்கும் சந்தை, எங்கள் வீட்டிலிருந்து அம்மாவின் நடைக்கு இருபது நிமிடம். அங்கே அவவுக்குத் தேவைப்பட்ட பிரெஞ்சு "கொம்பியான்?" என்ற ஒரே சொல். எவ்வளவு என்று அர்த்தம். பதில் விளங்காவிட்டால் காசை உள்ளங்கையில் விரித்து நீட்டுவா. எனக்கு வெட்கமாக இருக்கும். அவவுக்கு ஒரு வெட்கமுமில்லை.

முருங்கைக்காய்க்கும் வாழைப்பொத்திக்கும் பார்க் எக்ஸ்டென்ஷன். ஜோன்-தலோன் மெட்ரோவில் நீலப் பாதை ஏறினால் டி காஸ்டெல்னோ, அடுத்தது பார்க். மேலே வந்தால் 1931இல் கட்டிய பழைய ரயில் நிலையம், அதைத் தாண்டினால் எங்கள் ஆட்களின் கடைகள். 2023 ஜூலையிலிருந்து, 65 வயது கடந்த மொன்றியல்வாசிகளுக்கு நகரின் பஸ்ஸும் மெட்ரோவும் இலவசம். படம் ஒட்டிய ஓபஸ் பயண அட்டை எடுக்க வேண்டும். பெற்றோர் இங்கே இருந்தால் முதல் வேலையாக அதைச் செய்து கொடுங்கள்.

அந்தக் கடைத்தெருவிலிருந்து மேற்கே நடந்தபோதுதான் லகாடி வீதியில் ஒரு வேலியைக் கண்டேன். பணக்காரரின் மவுண்ட் றோயல் நகரம் 1960இல் போட்டது. காரில் போனபோது அது என் கண்ணில் பட்டதே இல்லை.

எங்கள் சனத்திடம் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. எண்பதுகளில் வந்தவர்கள் பார்க் எக்ஸ்டென்ஷனிலும் கோட்-தே-நேஜிலும் தொடங்கி, காசு சேர்ந்ததும் லவாலுக்கும் மேற்குத் தீவுக்கும் வீடு வாங்கிப் போனார்கள். முருகன் கோயிலும் டொலார்-தே-ஓர்மோவில். போவதென்றால் அம்மா இன்றைக்கும் யாருடைய காருக்காவது காத்திருக்கத்தான் வேண்டும். பாண் வாங்கவும் கார் எடுக்கவேண்டிய இடத்தில் வீடு வாங்குவதைத்தான் முன்னேற்றம் என்கிறோம்.

பனிக்காலத்தை மறைக்கக்கூடாது. டிசம்பர் முதல் மார்ச் வரை அம்மாவின் உலகம் சுருங்கிவிடும். நடைபாதையைச் சிறு இயந்திரங்கள் வழித்துக்கொண்டு போகும், ஆனால் உருகி மறுபடி உறைந்த நாளில் அது கண்ணாடி. சப்பாத்துக்குக் கீழே மாட்டும் முள்வளையம் அவசியம் வாங்குங்கள். வீட்டுக்குள் வரும்போது கழற்ற மறந்தால் தரை போய்விடும், எங்கள் தரை போயிற்று. இரவில் சைரன் கேட்டால் பயப்பட வேண்டாம். பனி அள்ளுவதற்குமுன் கார்களை எடுக்கச் சொல்லும் சத்தம் அது. காரை விற்றபிறகு அதைக் கேட்டுத் திரும்பிப் படுப்பதில் தனிச் சுகம் இருக்கிறது.

பின்பக்க ஒழுங்கையில் அம்மாவுக்கு ஒரு சிநேகிதி. எண்பது கடந்த இத்தாலியக் கிழவி. இவ தந்த பாகற்காயை அவ பச்சையாகக் கடித்துவிட்டு இரண்டு கிழமை எங்கள் வேலிப்பக்கம் வரவில்லை. பிறகு தக்காளியோடு வந்தா. அவவிடம் ஒரு அத்திமரம். ஒவ்வொரு கார்த்திகையிலும் மகனைக் கொண்டு அதைச் சாய்த்து மண்ணுக்குள் புதைத்துவிடுவா, வசந்தத்தில் தோண்டி நிமிர்த்துவா. அம்மாவின் கறிவேப்பிலைச் சாடி அதே நாட்களில் குசினி யன்னலுக்குள் வரும்.

போன சித்திரையில் கிழவி வழமையைவிட முந்தியே மரத்தை நிமிர்த்திவிட்டா. அம்மா சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு ஒழுங்கைக்குப் போய், ஒரு கொப்பை நகத்தால் கீறிப் பார்த்தா. திரும்பி வந்து என்னிடம் சொன்னா: "அவசரப்பட்டிட்டா. இன்னும் ஒரு குளிர் இருக்கு."

கறிவேப்பிலையை வெளியில் வைக்க மே நடுப்பகுதி வரை விடவில்லை.