ஓடும் வண்டியும் ஓடாத படமும்

எங்கள் ஊரான அலவத்துகொடையில் ரயில் பாதை இல்லை. கண்டியையும் மாத்தளையையும் இணைக்கும் ஏ-9 வீதிதான் எமக்கு உண்டு. ரயிலைப் பார்க்க வேண்டுமானால் கட்டுகஸ்தோட்டைக்கோ வத்தேகமைக்கோ போக வேண்டும். அதனாலோ என்னவோ, சுற்றுலாவில் எல்ல, தெமோதரை பக்கம் போய்விட்டால் எல்லோருடைய கையிலும் தொலைபேசி உயர்ந்து விடுகிறது. 1921ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயில் வரும்போது தண்டவாளத்தின் ஓரம் வரை போய் நிற்போர் பலர். ஓடும் ரயிலின் மிதிபலகையில் தொங்கிப் படமெடுக்க முயன்று உயிரிழந்தவர்களும் எமது நாட்டில் இருக்கிறார்கள்.

“கிட்டப் போனால்தான் நல்ல படம் கிடைக்கும்” என்ற எண்ணமே இதற்குக் காரணம். இது சரியா? உயர்தரத்தில் பௌதிகவியல் கற்கும் மாணவி என்ற வகையில் இதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் வரும் ரயில் ஒரு செக்கனில் 10 மீற்றர் நகரும். கெமராவின் மூடி ஐம்பதில் ஒரு செக்கன் நேரம் திறந்திருந்தால், அதற்குள் ரயில் 20 சென்ரிமீற்றர் நகர்ந்து விடும். அந்த நகர்வுதான் படத்தில் மங்கலாகப் பதிகிறது. மூடி ஆயிரத்தில் ஒரு செக்கன் மட்டும் திறந்தால் நகர்வு ஒரு சென்ரிமீற்றர்தான். அவ்வளவு குறுகிய நேரத்தில் போதிய ஒளி உள்ளே வர நல்ல வெயில் வேண்டும். மாலை மங்கிய பின் எடுக்கும் பஸ் படங்கள் கலங்கிப் போவது இதனால்தான்.

இனித் தூரத்தைப் பார்ப்போம். ஒரே வில்லையால் எடுக்கும்போது, படச் சட்டகத்துக்குள் விழும் மங்கல் தூரத்துக்கு நேர்மாறு விகிதசமனாகும். 5 மீற்றர் தூரத்தில் நிற்பவருக்கு விழும் மங்கலில் பத்தில் ஒரு பங்குதான் 50 மீற்றர் தூரத்தில் நிற்பவருக்கு விழும். தூரம் கூடினால் ரயிலும் சிறிதாகத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் 5 மீற்றரில் நிற்பவருக்குக் கிடைப்பது ஒரு பெட்டியின் கலங்கிய துண்டு. 50 மீற்றரில் நிற்பவருக்குப் பாலமும், மலையும், வளைந்து வரும் முழு ரயிலும் ஒரே படத்தில் கிடைக்கின்றன. ஆகவே உயிருக்குப் பாதுகாப்பான இடமே படத்துக்கும் நல்ல இடம். நூற்றுக்கணக்கான தொன் நிறையுள்ள ரயில், தடுப்பை அழுத்திய உடனே நின்றுவிடாது என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

இதை நானும் சோதித்துப் பார்த்தேன். ஒரே வெயில் நேரத்தில் ஏ-9 வீதியின் ஓரத்தில் நின்றும், எங்கள் வீட்டு மாடியில் நின்றும் மாத்தளை பஸ்களைப் படமெடுத்தேன். வீதியோரப் படங்களில் பஸ்ஸின் எழுத்துகளை வாசிக்க முடியவில்லை. மாடியிலிருந்து எடுத்தவற்றில் பெயர்ப்பலகை தெளிவாக இருந்தது. வண்டி நகரும் திசைக்கு ஏற்பக் கையையும் மெதுவாகத் திருப்பினால் வண்டி தெளிவாகவும் பின்னணி கோடுகளாகவும் விழும் என்பதையும் அன்று கண்டுகொண்டேன்.

வண்டிக்குள் இருந்து எடுக்கும்போது இன்னொரு வேடிக்கை நடக்கும். நேரான மின்கம்பங்கள் படத்தில் சாய்ந்து நிற்கும். பெரும்பாலான கைத்தொலைபேசிகள் முழுப் படத்தையும் ஒரே கணத்தில் பதிவதில்லை. வரிசை வரிசையாகவே பதிகின்றன. முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் இடையில் பஸ் நகர்ந்து விடுவதால் கம்பம் சாய்கிறது. சிறிய விமானத்தின் சுழலும் காற்றாடி வாழைப்பழம் போல் வளைந்து தெரிவதும் இதனால்தான். பிரான்ஸைச் சேர்ந்த ஜாக் ஆன்ரி லார்த்திக் இளம் வயதில் எடுத்த கார்ப் பந்தயப் படமொன்றில் சக்கரம் முன்புறமாகச் சாய்ந்த நீள்வட்டமாகவும், பார்வையாளர்கள் பின்புறமாகச் சாய்ந்தும் தெரிகின்றனர். அவருடைய கெமராவில் ஒளியை உள்ளே விட்டது நகரும் ஒரு பிளவு. நூறு வருடங்களுக்கு முந்திய கெமராவிலும் எமது தொலைபேசியிலும் நடப்பது ஒன்றே.

படமெடுக்கும் இடத்தின் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். கட்டுநாயக்க விமான நிலையத்தை ஒட்டி விமானப் படைத் தளமும், திருகோணமலைத் துறைமுகத்தில் கடற்படைத் தளமும் உள்ளன. இத்தகைய இடங்களில் அனுமதி கேட்காமல் கெமராவை எடுக்கக் கூடாது. 2001ஆம் ஆண்டில் கிரேக்க நாட்டின் கலமாட்டாவில் விமானங்களைப் பார்த்துக் குறிப்பெடுப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்ட 12 பிரித்தானியரும் 2 ஒல்லாந்தரும் உளவாளிகள் என்ற சந்தேகத்தில் கைது செய்யப்பட்டனர். மறு வருடம் முதலில் குற்றவாளிகளாகக் காணப்பட்டு, மேன்முறையீட்டில்தான் அவர்கள் விடுதலையாகினர். பஸ்ஸிலும் ரயிலிலும் உடன் பயணிப்போரின் முகங்களும் அப்படித்தான். கேட்காமல் எடுக்கவோ பகிரவோ எமக்கு உரிமையில்லை.

இவ்வளவு கவனத்துடன் ஒரு வாகனத்தை ஏன் படமெடுக்க வேண்டும்? வாகனங்கள் மறைந்து போகின்றன. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பல் 1938ஆம் ஆண்டு அமெரிக்காவின் கிளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. இன்று அக்கப்பல் இல்லை. அதன் தோற்றத்தை நாம் அறிவது படங்களால்தான். 1867இல் கண்டிக்கு ரயில் வந்தது. அந்தப் பாதையில் ஓடிய நீராவி இயந்திரங்கள் போன்றவற்றைக் காணக் கடுகண்ணாவையிலுள்ள ரயில்வே அருங்காட்சியகத்துக்குத்தான் இப்போது போக வேண்டும்.

எமது வீதியில் இன்று ஓடும் சிவப்பு பஸ்களும், பின்புறம் வாசகங்கள் எழுதிய ஓட்டோக்களும் ஒரு நாள் அப்படித்தான் ஆகும். பிங்கா ஓயா பெருகி அக்குறணை நகரில் வெள்ளம் நிற்கும் நாளில், மாடியிலிருந்து எடுத்த ஒரு பஸ் படம் நீர் சக்கரத்தின் எந்த மட்டம் வரை ஏறியது என்பதைக் காட்டும். திகதியும் நேரமும் குறித்திருந்தால் அது ஓர் அளவீடு. குறிக்காவிட்டால் வெறும் காட்சி.

ஆகவே மாணவிகளே, அடுத்த பயணத்தில் நூறு படங்கள் வேண்டாம், ஐந்து போதும். ஒவ்வொன்றுக்கும் இடம், திகதி, நேரம், வண்டியின் பெயர் அல்லது இலக்கம் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பெற்றோர்களே, “படம் எடுக்காதே” என்று தொலைபேசியை வாங்கி வைப்பதற்கு முன், எங்கே நின்று எடுக்கலாம் என்று பிள்ளைக்கு ஒரு முறை காட்டிக் கொடுங்கள். ரயில் நிலைய மேடையின் மஞ்சள் கோட்டுக்கு இப்பால், பாலத்தைப் பார்த்த மலைச்சரிவில், வீட்டு மாடியில் என்று நல்ல இடங்கள் நிறையவே இருக்கின்றன.