செல்லாத லிராவுக்கு இன்று என்ன விலை?

கடைக்கு வந்த ஒருவர் இத்தாலி நாட்டுப் பழைய நோட்டு ஒன்றை நீட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓவியர் ரஃபேலின் படம் போட்ட ஐந்து லட்சம் லிரா நோட்டு. "பாதி விலைக்குத் தருகிறேன், வங்கியில் மாற்றிக்கொள்ளுங்கள்" என்கிறார். நாமும் கணக்குப் போடுகிறோம். ஒரு யூரோவுக்கு 1,936.27 லிரா என்பது 1998 டிசம்பர் 31இல் முடிவான விகிதம். வகுத்தால் 258 யூரோ 23 சென்ட் வருகிறது. கணக்கு சரிதான். ஆனால் அந்தப் பணத்தைக் கொடுக்க இன்று எந்த வங்கியும் இல்லை.

2002 ஜனவரி 1 அன்று யூரோ நோட்டும் காசும் புழக்கத்துக்கு வந்தன. பிப்ரவரி 28 வரை இத்தாலியக் கடைக்காரர்கள் இரண்டு பணத்தையும் வாங்கினார்கள். அதன்பின் பத்து ஆண்டுகள், அதாவது 2012 பிப்ரவரி இறுதி வரை, மைய வங்கியில் லிராவை மாற்றிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. அவகாசம்தான் இருக்கிறதே என்று பெட்டியில் போட்டு வைத்தவர்கள் உண்டு. 2011 டிசம்பரில் நாடு கடன் நெருக்கடியில் தவித்தபோது, மரியோ மோன்டி அரசு அவசரச் சட்டம் ஒன்றால் அந்த உரிமையை உடனே முடித்துவிட்டது. மாறாமல் நின்ற நோட்டுகளின் மதிப்பு அரசின் கணக்கில் சேர்ந்தது. கெடுவுக்கு இன்னும் மூன்று மாதம் பாக்கி இருந்தது!

அது செல்லாது என்று அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. பலன் கிடைத்ததோ சிலருக்குத்தான். பறிபோன அந்த மூன்று மாதத்துக்குள் மாற்றித் தரக் கேட்டதற்குச் சான்று வைத்திருந்தவர்களுக்கு மட்டும் 2016 ஜனவரி முதல் மாற்றிக் கொடுத்தார்கள். வாய்வார்த்தையாகக் கேட்டுத் திரும்பியவர் எதைக் காட்டுவார்?

ஜெர்மனியின் பழைய மார்க் அப்படியல்ல. அந்நாட்டு மைய வங்கி அதைக் காலக்கெடு இல்லாமல் இன்றும் மாற்றித் தருகிறது. ஆகவே ஐரோப்பாவின் பழைய பணம் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடக் கூடாது.

இனி உலோகக் காசுக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் 20 லிரா தங்கக் காசு 6.45 கிராம் எடை. பத்தில் ஒன்பது பங்கு தங்கம். சுத்தத் தங்கம் 5.8 கிராம் தேறும், முக்கால் பவுன் எடைக்குச் சற்றுக் குறைவு. ஐந்து லட்சம் அச்சிட்ட காகிதத்தை வங்கி திருப்பி அனுப்புகிறது. இருபது அச்சிட்ட இந்தக் காசைப் பொற்கொல்லர் தராசில் வைக்கிறார். 1958 முதல் புழக்கத்துக்கு அடித்த 500 லிராவும் வெள்ளிதான். மூன்று பாய்மரக் கப்பல்கள் பொறித்தது, 11 கிராம், ஆயிரத்தில் 835 பங்கு வெள்ளி. ஆனால் 1982இல் வந்த 500 லிராவில் வெள்ளியே கிடையாது. வெண்ணிற வளையத்துக்குள் மஞ்சள் நடுப்பகுதி தெரிந்தால் அது பின்னது.

நம் தொழிலுக்கு நெருக்கமான சரக்கு ஒன்றும் உண்டு. 1970களின் நடுவில் இத்தாலியில் சில்லறைக்குக் கடும் பஞ்சம். கடைக்காரர்கள் மீதிக்கு மிட்டாயும் தொலைபேசி வில்லையும் கொடுத்தார்கள். வங்கிகள் 50, 100, 150 லிராவுக்குக் குட்டிக் காசோலைகளை அச்சிட்டன. அந்தச் சீட்டுகளை இன்று சேகரிப்பவர்கள் வாங்குகிறார்கள், பெரும்பாலானவை மலிவுதான்.

ரஃபேல் நோட்டையும் சேகரிப்பவர் கேட்கக்கூடும், மடிப்பும் அழுக்கும் இல்லாதிருந்தால். வாங்குவதானால் அவர் தரும் விலையை முதலில் விசாரிக்க வேண்டும். 258 யூரோவை மறந்துவிடலாம்.